அரைப் பக்கத்துக்கு மிகாமல்

கமிஷனர் கேட்டிருந்தார்:
இடிப்பதற்கு முன் கோப்பில் வைக்க
உள்விளையாட்டரங்கத்தின் வரலாறு,
தெலுங்கில், அரைப் பக்கத்துக்கு மிகாமல்.

எழுதிக் கொடுத்துவிட்டேன்.
அடிக்கல் எண்பத்து மூன்று. திறப்பு தொண்ணூற்றொன்று.
இருக்கை ஆயிரத்து எண்ணூறு.
தற்போதைய நிலை: பயன்பாட்டுக்குத் தகுதியற்றது.
கீழே என் கையெழுத்து, சுகுணா, இளநிலை உதவியாளர்,
சித்தூர் நகராட்சி.

எட்டு வருஷம் ஏன் ஆனது என்று எழுதவில்லை.
கூரைக்கு வந்த பணம்
எங்கோ மழைக்கு ஒதுங்கியிருந்தது.

அதற்கும் முன்னால் அங்கே வெல்ல மண்டி.
மூட்டையிலிருந்து கசிந்து கசிந்து மண் குடித்த பாகு
கான்கிரீட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
எறும்புகளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
சித்திரை பிறந்தால் போதும்,
தேக்குப் பலகை இடுக்கில் ஏறி வரும்.
மாவட்ட இறகுப்பந்து இறுதி, பத்தொன்பதுக்குப் பத்தொன்பது,
சர்வீஸ் போட நின்ற முனிரத்தினம்
ஒரு காலைத் தூக்கி மறுகாலைச் சொறிந்தான்.
ஃபவுல் என்றார் நடுவர்.
இன்றைக்கும் கடையில் சில்லறை கொடுக்கும்போது சொல்வான்,
‘என்னை ஜெயிச்சது அந்த வேலூர்க்காரன் இல்ல.’

புள்ளிகளைத் தெலுங்கில் எண்ணினோம்.
திட்டியது தமிழில்.
கேலரிக்கு அடியில் இருந்த மேசைப்பந்து அறையில்
தரை அரை அங்குலம் சரிவு;
தவறவிட்ட பந்தெல்லாம் ஒரே மூலையில் கிடக்கும்.
தேடி அலையாமல் வளர்ந்தவர்கள் நாங்கள்.

பலமனேர் ரெட்டெம்மா
தக்காளி லாரியில் வந்து இறங்கி
கபடிக்குப் போன அந்த ராத்திரி:
நாலு பேரைத் தொட்டுவிட்டு
கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் மாட்டிக்கொண்டாள்.
தகரக் கூரை எதையும் உடனே திருப்பித் தராது.
அவள் மூச்சு அறுந்த பிறகும்
மேலே கூரை கபடி சொல்லிக்கொண்டிருந்தது.
அது ஓய்வதற்குள் அவள் விரல் கோட்டில்.
நடுவர் அண்ணாந்து பார்த்தார்.
நாலு புள்ளி கொடுத்தார்.

ஆற்காடு அமலதாஸ் இசைக்குழு வந்தபோது
ஒரு தமிழ்ப் பாட்டுக்கு ஒரு தெலுங்குப் பாட்டு என்று பேச்சு.
ஏழாவது பாட்டில் கணக்குத் தகராறு,
நாற்காலி பறந்தது,
கரண்ட் போனது.
டிரம்ஸ்காரர் மட்டும் நிறுத்தவில்லை.
வெளிச்சம் வந்ததும் மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு,
அமலதாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்:
‘எதையாவது பாடுங்க சார்.
பக்கத்து சீட்டு அம்மா அழுவுறாங்க.’

பிறகு அந்த மே மாதம்.
நடுவட்டத்தில் மருந்து மேசை,
ஃப்ரீ த்ரோ கோட்டில் பதினாலாம் எண் கட்டில்.
மொத்தம் தொண்ணூற்றிரண்டு.
ஸ்கோர் போர்டை இயக்கத் தெரிந்தவள் என்று
என்னை ராத்திரி டூட்டியில் போட்டார்கள்.
ஆக்சிஜன் சிலிண்டர் கணக்கு
நர்சுகளுக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்.
உள்ளூர் அணி: நிரம்பியவை.
விருந்தினர் அணி: காலியானவை.
அந்த வாரம் முழுக்க
விருந்தினர் முன்னிலை.
கடிகாரத்தை மட்டும் நான் ஓட விடவில்லை.

நேற்று கணக்கெடுக்கப் போனேன்.
பலகைகளைப் பெயர்த்து அடுக்கியிருக்கிறார்கள்,
மாங்கூழ்த் தொழிற்சாலைக்காரர் எடுக்கிறாராம்.
ஓரத்தில் மண் தெரிந்தது.
குனியவில்லை. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று கோப்பு திரும்பி வந்துவிட்டது.
சிவப்பு மையில்:
‘பெயர் மாற்றங்கள் விடுபட்டுள்ளன.’
நாலு ஆட்சியில் நாலு பெயர்.
ஒரு பெயரையும் ஊர் வாயில் போட்டுக்கொள்ளவில்லை,
மண்டிக்குப் போறேன் என்றுதான்
பந்தோடும் டிக்கெட்டோடும் கிளம்பினோம்,
ஆம்புலன்சிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

நாலையும் சேர்த்தேன்.
அரைப் பக்கத்தை ஒரு வரி தாண்டிவிட்டது.
இருக்கை எண்ணிக்கையை எடுத்துவிட்டேன்.